கீபோர்டில் இருக்கும் வயலின் ஏன் வயலின் போல ஒலிப்பதில்லை?

புதிதாகக் கீபோர்டு வாங்கியவர்கள் முதல் சில நாட்கள் செய்வது ஒரே வேலைதான். டோன் பட்டனை அமுக்கி அமுக்கி, உள்ளே இருக்கிற நூற்றுக்கணக்கான ஒலிகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார்கள். பியானோ நன்றாக இருக்கும். ஆர்கன் அதைவிட நன்றாக இருக்கும். வயலினுக்கு வந்ததும் முகம் மாறிவிடும். திரையில் பெயர் வயலின். காதில் விழுவது ஏதோ பொம்மை வாத்தியம். விலை குறைந்த கீபோர்டில் இவ்வளவுதான் வரும் என்று முடிவுகட்டி, பிறகு அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

விலைக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய பங்கு, எந்த ஒலியை எந்த வேலைக்கு எடுக்கிறோம், எடுத்ததைப் பாட்டுக்கு ஏற்றபடி திருத்துகிறோமா என்ற இரண்டுக்கும் இருக்கிறது. இரண்டும் கற்றுக்கொள்ளக் கூடியவை. இந்தக் கட்டுரையில் வயலினையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். கீபோர்டில் சரியாக வரவைப்பதற்கு மிகக் கடினமான ஒலிகளில் அது ஒன்று. அதில் கை பழகிவிட்டால் புல்லாங்குழலுக்கும் நாதஸ்வரத்துக்கும் கோரஸ் குரலுக்கும் அதே வழியில் போகலாம்.

உள்ளே இருப்பது ஒலிப்பதிவு

சின்தசைசர் என்றால் மின்சுற்றில் அலையை உண்டாக்கி ஒலி எழுப்பும் கருவி என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கணக்குப் போட்டே ஒலியை உருவாக்கியது. அதற்குள் எந்த வாத்தியத்தின் பதிவும் கிடையாது. இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கீபோர்டுகள் வேறு வழியில் இயங்குகின்றன. வயலின் கலைஞர் ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒரு ஸ்வரத்தை நீட்டி இழுக்கிறார். அதைப் பதிவு செய்து, தேவையான அளவுக்கு வெட்டி, கீபோர்டின் நினைவகத்தில் வைத்துவிடுகிறார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் சாம்பிள். நீங்கள் கீயை அமுக்கும்போது அந்தப் பதிவு ஓடுகிறது.

யோசனை பழையதுதான். 1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தயாரான மெல்லோட்ரானில், ஒவ்வொரு கீயின் கீழும் ஒரு காந்த நாடா இருந்தது. கீயை அமுக்கினால் நாடா நகர்ந்து அதிலிருக்கும் ஒலி கேட்கும். ஏறக்குறைய 8 வினாடியில் நாடா முடிந்துவிடும். கையை எடுத்துவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான ஃபேர்லைட் இதையே கணினி வழியில் செய்தது. தனிமனிதர் எளிதில் வாங்க முடியாத விலை. அதிலும் ஓர் ஒலிக்குக் கிடைத்த நேரம் ஒரு வினாடியை ஒட்டித்தான். 1988-ல் கோர்க் எம்1 வந்த பிறகுதான் சாம்பிள் கீபோர்டு சாதாரண மேடைக் கலைஞர்களின் கைக்கு வந்தது. அதன் ஒலிகள் அத்தனையும், பியானோ, வயலின், டிரம்ஸ் என எல்லாம் சேர்ந்து, 4 எம்பி நினைவகத்தில் அடங்கியிருந்தன.

4 எம்பி எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு கணக்கு. சி.டி. தரத்தில் ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரே சேனலில் ஒரு வினாடிக்கு 88,200 பைட் ஆகும். 4 எம்பியில் 48 வினாடிகூட வராது. இன்னொரு பக்கம், ஒரு பியானோவின் 88 கீகளையும் ஸ்டீரியோவில் தலா 10 வினாடி பதிவு செய்தால் 155 எம்பி ஆகும். மெதுவாக அடித்தது, பலமாக அடித்தது என்று 8 விதமாகப் பதிவு செய்தால் 1.2 ஜிபியைத் தாண்டிவிடும். நினைவகம் இன்று மலிவாகிவிட்டாலும், நூற்றுக்கணக்கான ஒலிகளை ஒரே கருவியில் அடைக்கும்போது தயாரிப்பாளர்கள் இன்றும் மூன்று சமரசங்களைச் செய்துகொள்கிறார்கள். அந்த மூன்றும் காதுக்குத் தெரியும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தெரிவதுதான் நல்ல ஒலியைத் தேர்ந்தெடுக்கும் வித்தை.

மூன்று சமரசங்கள், மூன்று சோதனைகள்

முதலாவது, நீட்டுவது. எல்லா ஸ்வரத்தையும் பதிவு செய்வதில்லை. மூன்று, நான்கு ஸ்வரத்துக்கு ஒன்று என்று பதிவு செய்து, இடையில் உள்ளவற்றை அதே பதிவை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டிச் சமாளிக்கிறார்கள். ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டுமென்றால் பதிவை இரு மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். சுருதி சரியாக வந்துவிடும். ஆனால் வயலினின் மரப்பெட்டிக்கென்று ஓர் அதிர்வு உண்டு. கலைஞர் எந்த ஸ்வரம் வாசித்தாலும் அந்தப் பெட்டி மாறாது. பதிவை வேகமாக ஓட்டும்போது பெட்டியின் அதிர்வும் சேர்ந்து மேலே போய்விடுகிறது. வயலின் சுருங்கிச் சிறுவர் விளையாடும் கருவியாகிவிட்டது போலக் கேட்பது அதனால்தான். மனிதக் குரல் சாம்பிளில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

இதைச் சோதிக்க, கீழிருந்து மேலே கறுப்பு, வெள்ளை எதையும் விடாமல் ஒவ்வொரு கீயாக நிதானமாக அமுக்கிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் ஒலியின் நிறம் சட்டென்று மாறும். அங்கேதான் ஒரு பதிவு முடிந்து அடுத்த பதிவு தொடங்குகிறது. உங்கள் பாட்டின் முக்கியமான வரி அந்த எல்லையை மாறி மாறித் தாண்டுகிறது என்றால், அந்த ஒலி அந்தப் பாட்டுக்கு ஆகாது.

இரண்டாவது, சுழற்றுவது. வயலின் பதிவு மூன்று வினாடிதான் இருக்கிறது. நீங்கள் பத்து வினாடி அமுக்கிப் பிடிக்கிறீர்கள். மீதி ஏழு வினாடிக்கு, பதிவின் நடுவில் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். இதற்கு லூப் என்று பெயர். நன்றாகச் செய்த லூப் தெரியவே தெரியாது. மோசமான லூப்பில் ஒலி ஒரே சீராக ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். ஒரு கீயைப் பத்து எண்ணும்வரை பிடித்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, தொடுதல். உண்மையான வயலினில் வில்லை அழுத்தி இழுத்தால் சத்தம் மட்டும் கூடுவதில்லை. ஒலியின் தன்மையே மாறி, கூர்மை ஏறுகிறது. நல்ல கீபோர்டில் மெதுவாக அமுக்கும்போது ஒரு பதிவும் பலமாக அமுக்கும்போது வேறொரு பதிவும் ஓடும். கீயை அமுக்கும் வேகத்தைத்தான் வெலாசிட்டி என்கிறார்கள். அது 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக உள்ளே போகிறது. சிக்கனமாகச் செய்த ஒலிகளில் ஒரே பதிவின் சத்தம் மட்டும் கூடிக் குறையும். ஒரே கீயைத் தொட்டும் தொடாமலும் ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். நிறம் மாறுகிறதா, சத்தம் மட்டும் மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது ரிவர்ப் (எதிரொலி), கோரஸ் (ஒலியை அகலமாக்குவது) போன்ற எஃபெக்டுகளை அணைத்துவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு ஒலியையும் கடையில் கேட்டவுடன் மயங்கும்படி எஃபெக்ட் பூசி வைத்திருப்பார்கள். அந்தப் பூச்சு குறைகளை மறைத்துவிடும். அதேபோல் இரண்டு ஒலிகளை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். சத்தம் கூடுதலாக இருப்பதே நல்லதென்று காது நம்பிவிடும்.

பெயரை நம்பாமல் தேர்ந்தெடுப்பது

வயலின் என்று தேடினால் கீபோர்டில் பத்துப் பன்னிரண்டு ஒலிகள் கிடைக்கும். சோலோ வயலின் ஒருவர் வாசிப்பது. ஸ்டிரிங்ஸ் என்பது பலர் சேர்ந்து வாசிப்பது. ஸ்லோ ஸ்டிரிங்ஸ் மெல்ல எழும்பி மெல்ல அடங்கும்; நீண்ட கார்டுகளுக்கு (பல ஸ்வரங்களை ஒன்றாக அமுக்குவதற்கு) பின்னணியாக விரிக்க உகந்தது. மார்க்காட்டோ, ஸ்டக்காட்டோ என்பவை வில்லை வெட்டி வெட்டி வாசித்துப் பதிவானவை. பிட்ஸிகாட்டோ விரலால் மீட்டியது. வேகமான இன்டர்லூடை ஸ்லோ ஸ்டிரிங்ஸில் வாசித்துவிட்டு 'கீபோர்டு சரியில்லை' என்பவர்கள் ஏராளம். அந்த ஒலி முழுதாக எழும்புவதற்குள் விரல் அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

வாத்தியத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வயலினின் மிகக் கீழான தந்தி, மேற்கத்திய சுருதிப்படி, நடு சி-க்குக் கீழே இருக்கும் ஜி. அதாவது 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வயலினே கிடையாது. கீபோர்டு கேட்காமல் அதற்குக் கீழும் ஒலிக்கும். கேட்பவருக்கு ஏனென்று சொல்லத் தெரியாவிட்டாலும் 'இது வயலின் இல்லை' என்று பட்டுவிடும். கீழே போக வேண்டுமென்றால் வியோலாவோ செல்லோவோ எடுக்க வேண்டும்.

இப்போது நம் இசைக்கு வருவோம். கீபோர்டில் உள்ள வயலின்களில் பல மேற்கத்திய பாணியில், விரலை அசைத்து வைப்ராட்டோவோடு வாசித்துப் பதிவானவை. அந்த நடுக்கம் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. கர்நாடக இசையின் கமகத்தைப் பிட்ச் வீலால் (சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரத்தால்) கொண்டுவர முயன்றால், நீங்கள் தரும் அசைவும் பதிவில் உள்ள அசைவும் ஒன்றோடொன்று மோதும். ஸ்வரம் நிலைகொள்ளாமல் தள்ளாடும். எந்தத் திருத்தத்தாலும் அந்த வைப்ராட்டோவை வெளியே எடுக்க முடியாது. ஆகவே கமகத்துக்கு, நேராக இழுத்த, நடுக்கமில்லாத பதிவைத் தேடி எடுக்க வேண்டும். தனியாகக் கேட்கும்போது அது சப்பென்று இருக்கும். பட்டியலில் தேடும்போது எல்லோரும் கடந்து போய்விடும் ஒலி அது. வாசிக்கத் தொடங்கினால் அதுதான் நம் கைக்கு வளைந்து கொடுக்கும்.

கீபோர்டுத் திருத்தத்தில் பெரும்பகுதி, பதிவில் இருப்பதைக் குறைப்பதும் மட்டுப்படுத்துவதும்தான். பதிவில் இல்லாத ஒரு தன்மையைப் பிறகு உள்ளே கொண்டுவருவது அநேகமாக நடக்காது. முக்கால்வாசி வேலை தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

நாம் தேடும் வாத்தியமே பட்டியலில் இல்லாமல் போவதும் உண்டு. எந்த நிறுவனத்தின் கீபோர்டானாலும் ஒலிகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்காக 1991-ல் ஜெனரல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்தது. அதில் 128 ஒலிகள். 41 வயலின், 49 ஸ்டிரிங்ஸ், 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, மிருதங்கமும் இல்லை. இந்தியச் சந்தைக்கென்று யமஹா, ரோலண்டு போன்ற நிறுவனங்கள் தரும் மாடல்களில் நம் வாத்தியங்கள் சில இருக்கும். இல்லாத கீபோர்டில் நாதஸ்வரத்துக்கு ஷெனாயிலிருந்தோ 69-ஆம் எண்ணில் உள்ள ஓபோவிலிருந்தோ தொடங்கலாம். மூன்றுமே இரட்டைச் சீவாளியால் ஒலிப்பவை. டிரம்பெட்டிலிருந்து தொடங்கினால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள்.

தேர்வில் இன்னும் ஒன்று. ஒரு ஒலிக்குள் இரண்டு, மூன்று, நான்கு சாம்பிள்கள் ஒன்றாக ஒலிக்கலாம். ரோலண்டின் பழைய ஜேவி-1080-ல் ஒரே நேரத்தில் 64 குரல்கள், அதாவது 64 சாம்பிள்கள், ஒலிக்கும். நான்கு அடுக்கு உள்ள ஒலியை எடுத்தால் 16 ஸ்வரங்களுக்கு மேல் தாங்காது. விரலை எடுத்த பிறகும் ஸ்வரத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு பெரிய கார்டுகள் வாசித்தால் முந்தைய ஸ்வரங்கள் பாதியில் அறுந்துபோகும். ஒலி தடிமனாக இருக்கிறதென்று மகிழ்வதற்கு முன் பெடலோடு வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

திருத்தம்: எங்கே தொடங்குவது

எல்லா நிறுவனங்களின் கீபோர்டிலும் ஒலி போகும் பாதை ஒன்றுதான். சாம்பிள் ஓடுகிறது, அதன் சுருதி தீர்மானமாகிறது, ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் ஃபில்டர் வழியாகப் போகிறது, சத்தத்தின் ஏற்ற இறக்கம் தீர்மானமாகிறது, கடைசியில் எஃபெக்ட். பெயர்கள்தான் வேறு. ரோலண்டில் ஒரு முழு ஒலி பேட்ச், அதன் அடுக்குகள் டோன். யமஹா மோட்டிஃபில் வாய்ஸ், அதற்குள் எலிமென்ட். கோர்க்கில் புரோகிராம். ரோலண்டின் மெனுவில் டிவிஎஃப் என்று கண்டால் அது ஃபில்டர். டிவிஏ என்பது சத்தத்தின் பகுதி. யமஹாவின் வீட்டு உபயோக மாடல்களில் ஃபில்டரின் வெட்டுப்புள்ளியைப் பிரைட்னஸ் என்றும் ரெசனன்ஸை ஹார்மானிக் கன்டென்ட் என்றும் எழுதியிருப்பார்கள்.

திருத்தினால் மூல ஒலி கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். நிறுவனம் வைத்த ஒலிகளை அழிக்க முடியாது. நீங்கள் மாற்றுவது ஒரு தற்காலிகப் பிரதியை. ரைட் அல்லது ஸ்டோர் கொடுத்து யூசர் இடத்தில் சேமிக்கும்வரை அது தற்காலிகம்தான். வேறு ஒலிக்குப் போனாலோ கீபோர்டை அணைத்தாலோ மாற்றம் போய்விடும்.

நான் எப்போதும் என்வலப்பில்தான், அதாவது ஒரு ஸ்வரத்தின் சத்தம் ஏறி இறங்கும் வடிவத்தில்தான், தொடங்கச் சொல்வேன். ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்பது அட்டாக். எழும்பிய பின் எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்பது டீகே. விரல் கீயில் இருக்கும்வரை எந்த அளவில் நிற்கிறது என்பது சஸ்டெயின். விரலை எடுத்த பின் அடங்க எடுக்கும் நேரம் ரிலீஸ்.

இந்த நான்கில் அட்டாக்தான் ஒரு வாத்தியத்தின் அடையாளம். எந்த வாத்தியம் என்று நம் காது தீர்மானிப்பதில் ஸ்வரத்தின் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு. வில் தந்தியைப் பற்றும் சிறு உரசல், குழலில் காற்று நுழையும் 'ஃப்' என்ற ஒலி, பியானோவின் சுத்தியல் தட்டு. பதிவான ஸ்வரங்களின் தொடக்கத்தை வெட்டிவிட்டுக் கேட்கச் செய்தால் பயிற்சி பெற்றவர்கள்கூடத் தடுமாறுவதை 1960-களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரோலண்டு 1987-ல் டி-50-ஐ உருவாக்கியபோது இதையே பயன்படுத்திக்கொண்டது. நினைவகம் விலை கூடிய அந்தக் காலத்தில், வாத்தியத்தின் தொடக்கத்தை மட்டும் குட்டிச் சாம்பிளாக வைத்து, மீதியைச் சின்தசைசர் அலையால் நிரப்பினார்கள். காது தொடக்கத்தைக் கேட்டதும் வாத்தியத்தை அடையாளம் கண்டுகொண்டது; பின்னால் வருவதை அதன் தொடர்ச்சியாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே வயலினில் அட்டாக் நேரத்தை மாற்றும்போது ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். பல கீபோர்டுகளில் இது -64 முதல் +63 வரை இருக்கும். 0 என்றால் நிறுவனம் வைத்தபடி. மெதுவான பாட்டின் பின்னணிக்குக் கொஞ்சம் கூட்டினால் வில்லின் உரசல் மறைந்து ஒலி மெல்ல மலரும். வேகமான வரிக்குக் குறைக்க வேண்டும். குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு: மெதுவாக வாசித்துப் பதிவான சாம்பிளில் கூர்மையான தொடக்கமே இல்லை, எவ்வளவு குறைத்தாலும் அது வராது. வேறு சாம்பிளுக்குப் போக வேண்டியதுதான். சற்று விலை கூடிய மாடல்களில், கீயைப் பலமாக அமுக்கினால் அட்டாக் நேரம் தானாகக் குறையும்படி அமைக்கலாம். மெல்லத் தொட்டால் மெல்ல எழும்பும், அழுத்தினால் உடனே பிடிக்கும். ஸ்டிரிங்ஸ் ஒலிக்கு இதைப் போல உயிர் தருவது வேறொன்றில்லை.

ரிலீஸ் விரைவில் புரிந்துவிடும். மிகக் குறைந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் கத்தரித்தது போல் நிற்கும். மிகக் கூடினால் ஒரு கார்டின் வால் அடுத்த கார்டின் மேல் படிந்து குழம்பும். கார்டு மாறும் வேகத்தைப் பார்த்து வையுங்கள்.

சோலோ ஒலிகளுக்கு இன்னொரு அமைப்பு மிக முக்கியம். வழக்கமாக எல்லா ஒலிகளும் பாலி நிலையில், பல கீகளை ஒன்றாக ஏற்கும்படி இருக்கும். சோலோ வயலினையும் புல்லாங்குழலையும் மோனோ நிலைக்கு மாற்றி, லெகாட்டோவைப் போடுங்கள். இப்போது முதல் கீயை விடாமல் இரண்டாவதை அமுக்கினால், ஸ்வரம் மட்டும் மாறும். அட்டாக் மறுபடி தொடங்காது. ஒரே வில்லிழுப்பில், ஒரே மூச்சில் வாசித்த தொடர்ச்சி கிடைக்கும். பொம்மை வாத்தியம் என்று தோன்றியதற்குப் பாதிக் காரணம் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் புதிதாக வில் போடுவது போல் அட்டாக் திரும்பத் திரும்ப வந்ததுதான் என்பது அப்போது தெரியும். போர்ட்டமெண்டோவையும் மிகக் குறைந்த அளவில் சேர்த்தால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போகும்.

அடுத்தது ஃபில்டர். பெரும்பாலும் பயன்படுவது லோ-பாஸ். வெட்டுப்புள்ளிக்கு மேலே இருக்கும் கூரிய பகுதியைக் குறைக்கும். வயலினை உச்சஸ்தாயியில் வாசிக்கும்போது காதைக் கிழித்தால், கட்-ஆஃபை, அதாவது அந்த வெட்டுப்புள்ளியை, கொஞ்சம் இறக்குங்கள். ஸ்டிரிங்ஸ் பாடகரின் குரலை மூடுகிறது என்றாலும் சத்தத்தைக் குறைப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஸ்டிரிங்ஸ் பின்னுக்குப் போய்க் குரல் முன்னுக்கு வந்துவிடும். வெலாசிட்டியை ஃபில்டரோடு இணைக்க வழியிருந்தால் இணைத்துவிடுங்கள். ஒரே பதிவு உள்ள சிக்கனமான ஒலியில்கூட, மெதுவாக அமுக்கினால் மங்கலும் பலமாக அமுக்கினால் தெளிவும் வந்து, மூன்றாவது சமரசத்தை ஓரளவு ஈடுகட்டும். ரெசனன்ஸ் வெட்டுப்புள்ளியை ஒட்டிய பகுதியைத் தூக்கிக் காட்டும். எலெக்ட்ரானிக் ஒலிகளுக்கு அழகு, இயற்கை வாத்தியங்களுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் ஆகாது. எம்1-ன் ஃபில்டரில் ரெசனன்ஸே கிடையாது. அதை வைத்துக்கொண்டே உலகம் முழுக்க எத்தனையோ பாடல்களுக்கு வாசித்திருக்கிறார்கள்.

சுருதியும் கமகமும்

பிட்ச் வீலை முழுதாகத் தள்ளினால் சுருதி எவ்வளவு நகர வேண்டும் என்பதை பெண்ட் ரேஞ்ச் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கீபோர்டுகளில் மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு அரை ஸ்வரம் என்று வைத்திருப்பார்கள். இந்த அளவு நம் இசைக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதற்குத் தோடி ராகத்தின் காந்தாரமே சாட்சி. அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கிட்டத்தட்ட ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடுகிறது. 1 கட்டை சுருதியில், அதாவது சி-யை சட்ஜமாகக் கொண்டால், சாதாரண காந்தாரம் ஈ-ஃபிளாட். அதிலிருந்து இரண்டு அரை ஸ்வரம் கீழே சுத்த ரிஷபம். இரண்டு அரை ஸ்வரம் மேலே சுத்த மத்யமம். காந்தாரத்தின் கீயைப் பிடித்துக்கொண்டு வீலை இரு பக்கமும் நிதானமாக அசைத்தால் அந்த முழு வீச்சும் கைக்குள் வந்துவிடுகிறது. அசைவின் வேகமும் எங்கே தங்குவது என்பதும் பாட்டு கேட்டுக் கேட்டு வர வேண்டியவை. கருவி செய்யக்கூடியது இதுவரைதான். பெண்ட் ரேஞ்சைப் பன்னிரண்டுக்கு ஏற்றிவிட்டால் கை சற்று அசைந்தாலே ஸ்வரம் தப்பிப் போகும். கிட்டார் சாகசத்துக்கு அது சரி, கமகத்துக்கு வேண்டாம்.

மெல்லிசைக்கு வைப்ராட்டோ தேவைப்பட்டால் எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) மூலம் சேர்க்கலாம். வினாடிக்கு ஐந்து ஆறு அசைவு வயலினுக்கு இயல்பாக இருக்கும். டிலே என்ற அமைப்பைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். வயலின் கலைஞர் நீண்ட ஸ்வரத்தைப் பெரும்பாலும் முதலில் நேராகப் பிடித்துவிட்டுப் பிறகே விரலை அசைக்கத் தொடங்குகிறார். ஸ்வரம் தொடங்கிய கணத்திலேயே நடுக்கம் வந்தால் செயற்கை வெளுத்துவிடும். இதை மாடுலேஷன் வீலுக்கு விட்டுவிட்டு, தேவையான இடத்தில் கையால் கொண்டுவருவது இன்னும் நல்லது.

பலர் சேர்ந்து வாசிக்கும் உணர்வு வேண்டுமென்றால், ஒரே வயலின் சாம்பிளை இரண்டு அடுக்காக வைத்து, ஒன்றை ஐந்தாறு சென்ட் மேலேயும் இன்னொன்றை அதே அளவு கீழேயும் நகர்த்தலாம். ஓர் அரை ஸ்வரம் நூறு சென்ட் என்பதால் சுருதி கெட்டதாகத் தோன்றாது, ஒலி அகலமாகும். சோலோவில் இதைச் செய்யக் கூடாது.

எஃபெக்டைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். வீட்டில் ஹெட்போனில் இனிமையாக இருந்த ரிவர்ப், கல்யாண மண்டபத்தின் எதிரொலியோடு சேர்ந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். மேடைக்குப் போகும் ஒலியில் ரிவர்பை வீட்டில் கேட்பதைவிடப் பாதியாவது குறையுங்கள். நம் மண்டபங்களில் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் மோனோவாகவே இணைக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் விரிந்து கேட்கும் ஸ்டீரியோ பியானோவை மோனோவில் ஒன்றாக்கும்போது சில ஸ்வரங்கள் உள்ளீடற்றுப் போகலாம். மேடைக்கு முன்பே மோனோ அவுட்டில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

சொந்தமாக ஒரு சாம்பிள்

நம் ஊர் மேடைகளில் அடிக்கடி காணும் ரோலண்டு எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30 போன்றவற்றில் நாமே பதிவு செய்த ஒலியை யுஎஸ்பி வழியாக உள்ளே ஏற்றலாம். தொடக்கநிலையில் இருப்பவர் வயலினிலோ நாதஸ்வரத்திலோ கை வைக்காமல் தாளக் கருவியில் தொடங்குவது நல்லது. பறையின் ஓர் அடி, உடுக்கையின் ஒரு தட்டு, தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம் ஆகியவற்றுக்கு லூப் வேண்டாம், நீட்டலும் வேண்டாம். அமைதியான அறையில், 44.1 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஒரே அடியை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று விதமாக எடுங்கள். பிறகு கணினியில் அடி விழுவதற்கு முன்னால் இருக்கும் அமைதியைச் சுத்தமாக வெட்டிவிட வேண்டும். அங்கே வினாடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு விட்டுவைத்தாலும், கீயை அமுக்கிய பிறகு அடி தாமதமாக விழுவதாகக் கைக்குத் தெரியும், தாளம் பிசகும். அடியின் வாலை மட்டும் வெட்டாமல் இயல்பாக அடங்கவிடுங்கள். பிறர் வெளியிட்ட பாடலிலிருந்து ஒலியை வெட்டி எடுப்பது உரிமைச் சிக்கலில் கொண்டுபோய்விடும். தெரிந்த தவில் கலைஞரிடம் கேட்டு, உரிய சன்மானம் கொடுத்து, ஒரு மணி நேரம் பதிவு செய்தால் அந்த ஒலி வேறு யாரிடமும் இருக்காது.

சேமிக்கும்போது பெயரை வேலையை வைத்து எழுதுங்கள். வயலின்1, வயலின்2 என்று வைத்தால் மேடையில் எது எதற்கென்று நினைவு வராது. 'சோலோ கமகம்', 'ஸ்லோ கார்டு', 'ஃபாஸ்ட் பிட்' என்று வைத்தால் பார்த்தவுடன் புரியும். யூசர் ஒலிகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கீபோர்டு பையிலேயே போட்டு வையுங்கள். ஒத்திகையில் ஒரு பாட்டுக்கு வேண்டிய ஒலிகளை அடுத்தடுத்து மாற்றி வாசித்துப் பாருங்கள். ஏதேனும் ஒன்று மட்டும் சத்தம் தூக்கலாகவோ அமுங்கியோ இருந்தால் அந்த ஒலியின் லெவலை உள்ளேயே சரிசெய்து, மறக்காமல் மறுபடி ரைட் கொடுத்துவிடுங்கள்.